தானாக ஓடிய மோட்டார்

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே இறங்கும் மண்தடத்தில் சாரதாமணியின் வீடு இருந்தது. அங்கிருந்து இரண்டு வயல் தள்ளி, கிணற்றை ஒட்டி, அவள் அப்பா அப்புசாமி தனியாக இருந்தார். தோட்டத்துக்குள்ளேயே கட்டிய அந்த ஓரறை வீட்டைச் சாளை என்பார்கள். அம்மா போன பிறகு அங்கே அவரும் இரண்டு எருமைகளும்தான்.

ஊரில் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஒற்றைப் பெண், பிறந்த இடமும் வாழ்கிற இடமும் ஒரே தோட்டத்தில். கணவன் மயில்சாமி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவான். அதுவரை குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, ஆட்கள், லாரிக்காரன், ஜவ்வரிசி ஆலைக்காரன் எல்லாம் அவள் பாடு. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டாள். ஆனாலும் வேலை நடந்துவிடும்.

அப்பாவை வீட்டுக்கு அழைக்காமல் இல்லை.

"மாப்பிள்ளை ஊட்டுல போயி நான் கட்டலைப் போட்டுப் படுத்துக்கறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க சாமி?" என்பார்.

மகள் தூக்குப்போசியில் கொண்டுவரும் சோற்றைத் தன் சாளையில் உட்கார்ந்து தின்பதில் அவருக்குக் கூச்சமில்லை. மருமகன் வீட்டில் தட்டு வைத்து உட்காருவதுதான் ஆகாது. அந்தப் பக்கத்தில் ஆண்மக்கள் இல்லாத தகப்பன்கள் பலரும் அப்படித்தான். அவர் மறுக்கும்போதெல்லாம் சாரதாமணிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வரும். அந்த நிம்மதியை அவள் உற்றுப் பார்த்ததில்லை.

அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கு அவளிடம் ஓர் அடையாளம் இருந்தது. மூன்று பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் அப்புசாமி எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டரை அழுத்துவார். கிணற்றுப் பக்கமிருந்து அந்த உறுமல் கிளம்பும். அடுப்படியில் இருந்தாலும் களத்தில் இருந்தாலும் அவள் காதில் அது விழும். அப்பா எழுந்துவிட்டார், நடக்கிறார், கை கால் வேலை செய்கிறது. அவள் தன் வேலையைப் பார்ப்பாள். இப்படி ஒரு கணக்கு வைத்திருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்கூட.

அவருடைய எண்பத்தைந்தாவது வயதில் ஒரு நாள் முழங்கை கன்றிப்போயிருந்தது.

"என்னங்கப்பா இது?"

"எருமை இடிச்சிருச்சு. அதுக்குந்தான் வயசாச்சு, கண்ணு தெரியறதில்ல."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இருட்டில் ஸ்டார்ட்டரைத் தேடிப் போனபோது விழுந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. எருமை என்று நம்பினால் வேலை குறைவு. நம்பினாள்.

அந்த வாரம் மோட்டாருக்குப் புஷ் மாற்ற வந்த எலக்ட்ரீசியன் ராசப்பனுக்கும் அந்தக் கன்றல் கண்ணில் பட்டிருந்தது. கூலி வாங்க வந்தவன் சொன்னான்:

"ஏனுங்கக்கா, அய்யனுக்கு ஒரு காலிங் பெல் போட்டுடலாமுங்க. கட்டலுக்குப் பக்கத்துல சுச்சு, உங்க ஊட்டுல மணி. தென்னை மேலயே ஒயரை இழுத்துட்டு வந்தர்லாம். கிறுகிறுன்னு வந்தா ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும்."

"அந்த நெலமைக்கு இன்னும் வரலை ராசப்பா. நல்லாத்தான் இருக்காரு."

"நல்லா இருக்கையிலயே போட்டாத்தானுங்க..."

"பாக்கலாம்."

மோட்டார்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு இருக்கலாம். மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். தண்ணீருக்கு ஒரு தடவை, பேச்சுத் துணைக்கு ஒரு தடவை, எருமை கத்தினால் ஒரு தடவை. காட்டு வேலையும் வீட்டு வேலையும் கழுத்தைப் பிடிக்கும்போது அந்த மணி வேறா என்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கத்தை மறைக்க வேறொன்று செய்தாள்.

"மணி வேண்டாம் ராசப்பா. ஸ்டார்ட்டருக்கு ஆட்டோ போட்டுடு. கரண்ட் வந்ததும் தானா ஓடட்டும். அவரு இருட்டுல எந்திரிச்சுப் போக வேண்டாம்."

ராசப்பன் போட்டுக் கொடுத்தான். அப்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, எம்பொண்ணு ஆட்டோ போட்டுக் குடுத்திருக்கா. நான் படுத்துட்டே வெள்ளாம பண்றேன்."

"உங்களுக்கென்னுங்க, ராசாவாட்டம். எங்கூட்டுல நாங்கதான் ஆட்டோ, மாமியா கூப்புட்டதும் ஓடோணும்," என்றாள் சென்னியம்மாள்.

மூவரும் சிரித்தார்கள். சாரதாமணிக்கு மனம் குளிர்ந்திருந்தது. அப்பாவுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

கிழங்கு பிடுங்கும் நாள் வந்தது. விடிவதற்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள்; லாரி தடத்தில் வந்து நின்றது. வழக்கமாகக் காலையில் அப்பாவுக்குப் பலகாரம் கொண்டுபோவாள். அன்று போசியைக் கட்டி வைத்துவிட்டு, கிழங்கு ஏற்றுகிற இடத்துக்கு ஓடினாள். நடுவில் கிணற்றுப் பக்கம் மோட்டார் உறுமியது. கேட்டதும் மனசு லேசானது. எழுந்துட்டாரு, பழைய சோறு கரைச்சுக் குடிச்சிருப்பாரு, மதியத்துக்கும் சேர்த்து ஒன்றாகக் கொண்டுபோய்க்கொள்ளலாம்.

லாரி கிளம்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. போசியோடு வரப்பில் நடந்தவள், தண்ணீர் மடை மாறாமல் ஒரே பாத்தியில் குளம்போல நிற்பதைப் பார்த்தாள். அப்பா ஒருபோதும் அப்படி விடமாட்டார். போசியை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

தண்ணீர் விழும் தொட்டியின் கீழே, வாய்க்காலில், அவர் ஒருக்களித்துக் கிடந்தார். பாசியில் வழுக்கியிருந்தது. இடுப்புவரை தண்ணீர். உதடு வெளுத்திருந்தது.

"அப்பா! அப்பா!"

"வந்துட்டியா சாமி," என்றார். "மொதல்ல மோட்டாரை நிறுத்து. கத்திக் கத்திப் பாத்தேன். அது எங்கே என்னையப் பேச உட்டுது?"

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று விழுந்த அமைதியில் சாலையில் போகும் லாரியின் ஹாரன்கூடக் கேட்டது. மோட்டார் ஓடாமலிருந்தால் அவர் கத்தியதும் கேட்டிருக்கும்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்குத் தகடு வைத்தார்கள். மயில்சாமி வடக்கிலிருந்து வந்து சேர்ந்தான். "நீ என்ன பண்ணுவ? ஆட்டோ வேற போட்டுக் குடுத்த," என்று தேற்றினான். பார்க்க வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் தலையைக் குனிந்து ஆரஞ்சுச் சுளையை உரித்தாள்.

ஒரு மத்தியானம், வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்கும்போது, அப்பா தானாகப் பேசினார்.

"கோடையில கெணத்துல தண்ணி இருக்காது, தெரியுமில்ல?"

"ஆமாங்கப்பா."

"அப்பவும் ஒரு தடவை போட்டு நிறுத்துவேன். நீ காதைத் தீட்டிட்டு இருப்பீன்னு தெரியும். போடலீன்னா அடுப்பை உட்டுட்டு ஓடியாருவியே. ஆட்டோ வந்ததும், செரி, இனிக் காதைத் தீட்டற தொல்லை வேண்டாம்னு புள்ளை முடிவு பண்ணிட்டாப்பலன்னு நெனச்சுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்பதுபோலத்தான் சொன்னார். அவள் கையில் இருந்த சுளை நசுங்கியது. ராசப்பன் மணியைப் பற்றிச் சொன்னதையும், தான் வேண்டாம் என்றதையும், ஏன் வேண்டாம் என்றோம் என்பதையும் சொல்லிவிட வாயெடுத்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் வந்தது.

அவர் சாளைக்கே போகவேண்டும் என்றார். சாரதாமணி தன் கட்டிலை அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். தகப்பன் மருமகன் வீட்டில் தங்கக்கூடாதே தவிர, மகள் தகப்பன் சாளையில் தங்கக்கூடாது என்று எவரும் சொன்னதில்லை. இது முன்பும் அவளுக்குத் தெரிந்ததுதான்.

ராசப்பனைக் கூப்பிட்டாள். தென்னைமேல் ஒயர் இழுத்து மணி கட்டினான். சாளையில் கரண்ட் இல்லாதபோதும் அடிக்கப் பேட்டரி வைத்தான்.

"ஆட்டோவைக் கழட்டிடு," என்றாள். "மோட்டாருக்கு ஒரு பட்டன் கட்டலுக்குப் பக்கத்துலயே வை. அவரே போடட்டும்."

"அன்னைக்கே இந்தப் பெல்லை..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து ஸ்குரூவைத் திருகினான்.

அவர் குச்சியூன்றி நடக்கத் தொடங்கியதும், "போயி உன்ற ஊட்டைப் பாரு," என்று விரட்டிவிட்டார். மணியை அவர் அடிப்பதே இல்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் உறுமும், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் அவள் வேலையைப் பார்ப்பாள். இப்போது அது கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வரப்பில் நடந்தாள்.

"மோட்டாரு போட்டனே, கேக்கலியா?" என்றார் அப்புசாமி கட்டிலில் இருந்தபடி.

"கேட்டுச்சுங்கப்பா."

"அப்பறம் எதுக்கு ஓடியார?"

அவள் சுவரில் இருந்த பட்டனைப் பார்த்தாள். அதைச் சுட்டி நீண்டிருந்த அவர் விரலைப் பார்த்தாள்.

"நாந்தான் போட்டேன் சாமி," என்றார் அவர். "நானேதான்."