குண்டு துளைக்காத சட்டைக்குச் சைடு பிடித்தவள்

துப்பாக்கிக் குண்டு நுழையாத இடத்தில் ஊசியை நுழைத்தவள் என் தங்கை. ராணுவங்கள் தோற்றுத் திரும்பிய இடத்தில் ஜெயித்தது அவளுடைய கை. இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். எந்த ராணுவமும் அவள் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

பெற்றவர்கள் அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். தெருவில் யாருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அவள் 'டேப்பு'. தையல்காரி, கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள் என்று நான்தான் பரப்பிவிட்டேன், பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் இரண்டு மெஷின், சுவரை ஒட்டி அடுக்கடுக்காகப் பள்ளிச் சீருடை, தரையெல்லாம் வெட்டுத்துணி. அளவு தப்பிய உடுப்பைக் கண்டால் பல்வலிக்காரி மாதிரி முகம் கோணிவிடும். பஸ்ஸில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஆளின் காலர் மடங்கியிருந்தால் கையை நீட்டிச் சரிசெய்துவிடுவாள். அவர் திரும்பி முறைத்தால், "இப்பதான் பார்க்க நல்லா இருக்கீங்க" என்பாள்.

அவள் கணவர் வெல்டர். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர் பெட்டியில்தான் திரும்பி வந்தார். மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், மகள் இடுப்பில். அடுத்த மாதமே முன்னறையில் மெஷினைப் போட்டாள். "என்னடி அவசரம்?" என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா கண்ணு வேலை செய்ய ஆரம்பிச்சிடுதுக்கா" என்றாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த மெஷின் சத்தத்தில்தான் வளர்ந்தார்கள்.

மகனுக்கு நான் வைத்த பெயர் 'பூட்டு'. கதவைப் பூட்டுவான், இழுத்துப் பார்ப்பான், நாலு எட்டு நடப்பான், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பான். அப்படிப்பட்டவனுக்கு வங்கிப் பணம் ஏற்றும் வண்டியில் காவலர் வேலை கிடைத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மகள் நர்ஸ் ஆனாள். கல்யாணமாகி வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்தில் குடியேறினாள்.

போன வருடம் அவளுக்குப் பிரசவம் நெருங்கியது. ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குக் கப்பலில் வேலை. கப்பலோ நடுக்கடலில்.

"அம்மா, நான் எழுந்து உட்கார்ற வரைக்கும் பிள்ளையைக் கையில வாங்கிக்க எனக்குன்னு ஒரு ஆள் வேணும்மா" என்று மகள் போனில் சொன்னாள்.

"நான் வர்றேன்" என்றாள் தங்கை. அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

டிக்கெட் போட்ட வாரமே அந்த நகரத்தில் துப்பாக்கிச் சூடு என்று டீவியில் வந்தது. ஒரே ஓட்டத்தை, ஒரே புகையை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். சாயங்காலம் பூட்டு ஒரு பெரிய பையோடு வந்தான்.

"என்னடா இது, மெத்தையா?"

"குண்டு துளைக்காத சட்டைம்மா. நாங்க வண்டியில போடற மாதிரியேதான். இங்க கிளம்பறதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் இது உன் மேல இருக்கணும்."

"நான் பிரசவத்துக்குப் போறேனா, போருக்குப் போறேனா?"

"சிரிக்காதம்மா. போட்டுக்கிட்டா போ, இல்லன்னா போகாத. டிக்கெட் என் போன்லதான் இருக்கு."

நியாயம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் நியாயம் சொல்லி இதுவரை ஒரு சண்டையும் தீர்ந்ததில்லை. தெரிந்தேதான் கூப்பிட்டார்கள்.

"எந்தக் குண்டுக்குடா இது?" என்று கேட்டேன்.

"கைத்துப்பாக்கிக் குண்டுக்கு, பெரியம்மா. பெரிய துப்பாக்கின்னா தாங்காது."

"அப்ப சுடறவன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும். தலைக்கு?"

"தலைக்குத் தனியா இருக்கு."

"காலுக்கு?"

"பெரியம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க."

தங்கை அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், துணிக்கடையில் பார்ப்பதுபோல. பிறகு சொன்னாள்: "நாளைக்கு ஒரு நாள் முழுக்க இதைப் போட்டுக்கிட்டு வேலை செய்யறேன். என் வேலையைச் செய்ய முடிஞ்சா, இதோட பிள்ளையையும் தூக்க முடியும். அப்ப போட்டுக்கிட்டே போறேன். ஆனா எப்படி இருந்தாலும் போறேன்."

மறுநாள் நான் பொழுது விடிந்ததும் போய் நாற்காலி பிடித்தேன். இப்படி ஒரு கூத்தை விட மனம் வருமா?

நிற்கும்போது பரவாயில்லை. மெஷினில் உட்கார்ந்ததும் சட்டை மேலே ஏறி மோவாயில் முட்டியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமை சீருடை தைப்பதுபோல இருந்தது. நூல் சுற்றிய பாபின் உருண்டு கட்டிலடிக்குப் போனது. குனிய முடியாமல் காலாலேயே துழாவினாள். சீருடைக்கு அளவு கொடுக்கப் பிள்ளையோடு வந்த ஒரு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, போன தடவை லூசா தைச்சதுக்கு யாராவது அடிக்க வர்றாங்களா?"

"நீதான் வந்திருக்கே. உள்ள வா."

மதியத்துக்கு மேல் தங்கை ஒரு காரியம் செய்தாள். சீருடைத் துணிச் சுருள் ஒன்றை எடுத்து, பச்சைப்பிள்ளை அளவுக்குச் சுற்றி, தோளில் சாய்த்தாள். சுருள் வழுக்கிக் கீழே போனது. மறுபடி சாய்த்தாள், மறுபடி வழுக்கியது. மார்புப் பக்கம் பலகைபோல விறைப்பாக நின்றதே தவிர, சாய்கிற தலைக்கு இடம் தரவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அளவு சரியில்லக்கா, அதான் விஷயம்" என்றாள். சட்டையைக் கழற்றி மேஜையில் விரித்தாள். சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போட்டாள். எந்தத் தையல்காரியும் செய்வதைத்தான் செய்தாள்: லூசான பக்கங்களை உள்ளே மடித்துச் சைடு பிடித்தாள்.

மெஷின் ஊசி டக்கென்று உடைந்து என் மூக்குக்குப் பக்கத்தில் பறந்தது. கோணி ஊசியை எடுத்தாள். விரலில் உறை மாட்டி, மேஜை விளிம்பில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். பாவம், விவரம் தெரியாதவள். அவளுக்கு அது இன்னொரு தடித்த துணி, அவ்வளவுதான். வெளிச்சம் மங்குவதற்குள் சட்டைக்கு இடுப்பு வந்துவிட்டது. நானே ஆசைப்பட்டு ஒரு தரம் போட்டுப் பார்த்தேன்.

பூட்டு வேலை முடிந்து வந்தான். பார்த்தான். தையல் போன வழியில் விரலை ஓட்டினான். அப்படியே வெட்டுத்துணிக் குவியலில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, இது உள்ள அடுக்கடுக்கா வச்ச துணி. அதுல ஊசி பட்டுதுன்னா போச்சு. இனிமே இதை நம்பி யாரும் தெருவுக்குக்கூடப் போக முடியாது."

"ஐயையோ, அப்படியா? எனக்கென்னடா தெரியும்? துணின்னா சைடு பிடிக்கத்தானே செய்வேன்?"

"நாளைக்கு வேற வாங்கிட்டு வர்றேன்."

அவன் கோபமாகத் தன் தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டு, நடந்ததைச் சொல்லிச் சட்டையைக் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அண்ணா, இதை அனுமதி இல்லாம இந்த நாட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. கஸ்டம்ஸ்ல அம்மாவை உட்கார வச்சிடுவாங்க. அம்மா அங்க உட்கார்ந்திருப்பா, நான் இங்க ஆபரேஷன் தியேட்டர்ல படுத்திருப்பேன். அப்படியே விட்டாலும், தெருவில இதைப் போட்டுக்கிட்டு நடந்தா எல்லார் கண்ணும் அம்மா மேலதான் இருக்கும். சுட்ட இடம் ஊருக்கு அந்தக் கோடி. நாங்கல்லாம் அந்தப் பக்கமே போகாம வேலைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

பூட்டு போனை வைத்தான்.

"அப்பாவும் இப்படித்தான், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனார்."

தங்கை கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பாவைக் குண்டா கொண்டுபோச்சு? வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன்டா. கவுந்துது. யாரும் பெல்ட் போடல. உனக்குத் தெரியாதா?"

அவன் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"எந்த வண்டியில ஏறினாலும் பெல்ட் போடறேன். பகல்ல இறங்கற மாதிரி டிக்கெட்டை மாத்து. அவ வீடு, ஆஸ்பத்திரி, ரெண்டைத் தவிர எங்கயும் போகல. கூட்டம் கூடினா திரும்பி நடக்கறேன். நீ கேட்டா தினமும் போன் பண்றேன். இதெல்லாம் உனக்காக. ஆனா என் பொண்ணு கேட்டது ஒரே ஒரு கை. சட்டை இருந்தாலும் போவேன், இல்லன்னாலும் போவேன். டிக்கெட்டைக் காட்ட மாட்டேன்னா, கவுன்ட்டர்ல உட்கார்ந்து ஒப்பாரி வச்சாவது போவேன்."

அவள் ஒப்பாரியை நான் கேட்டிருக்கிறேன். விமானமே பயந்து ஏற்றிக்கொள்ளும்.

மறுநாள் பூட்டு இன்னொரு சட்டை வாங்கி வருவான் என்று எதிர்பார்த்தேன். வெறுங்கையோடு வந்தான், டிக்கெட்டைப் பகல் விமானத்துக்கு மாற்றியிருந்தான். தங்கை பேசிய பேச்சு வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்குப் போகிற காரில் அவன் முன் சீட்டிலிருந்து திரும்பி அவளுடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். தெருமுனை தாண்டியதும் மறுபடி திரும்பி இழுத்துப் பார்த்தான். அவன் இழுக்க வசதியாக அவள் கையைத் தூக்கிக்கொண்டாள்.

சோதனையில் அவள் டேப்பின் முனையிலிருந்த பித்தளைக்கு மெஷின் அலறி, விமான நிலையமே நின்றுவிட்டதாம். இதை அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆனால் ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் அவள் நின்றாள் என்பதும், சாதாரணப் பருத்திப் புடவைத் தோளில் பேத்தி வழுக்காமல் தூங்கினாள் என்பதும் உண்மை, படம் இருக்கிறது. அந்தப் படத்தில் டேப்பின் ஒரு முனை பிள்ளையின் குதிகாலில் இருக்கிறது.

பேத்தி தலை நின்ற பிறகுதான் திரும்பி வந்தாள். அந்தச் சட்டை இப்போது முன்னறை ஆணியில் தொங்குகிறது, ஊசி குத்தி வைக்க. குத்திய ஊசி ஒன்றுகூடக் கீழே விழுவதில்லை.

இதை எழுதி முடித்து, அதே முன்னறையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். தங்கை மெஷினில் இருந்தாள். பூட்டுக்கு அன்று விடுமுறை. கடைசி வரை கேட்டான்.

"பெரியம்மா, ஒண்ணு தப்பு."

"எது, ராணுவமா? அதை நானே ஒத்துக்கிட்டேனே."

"அது இல்ல. விவரம் தெரியாதவள்னு எழுதியிருக்கீங்களே, அது. அன்னைக்குக் காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி, வேலைக்குக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனேன், 'எது பண்ணினாலும் பண்ணு, ஊசி மட்டும் படக்கூடாதும்மா'ன்னு. திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னேன். ரெண்டு தடவையும் நல்லாத் தலையாட்டினா."

நான் தங்கையைப் பார்த்தேன். மெஷின் சத்தம் திடீரென்று அதிகமானது.

"அதனாலதான் பெரியம்மா, மறுபடி வாங்கல."