பேசக் கற்ற சலவைக்கூடம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி நடத்தும் கோதண்டராமன், சலவையிலிருந்து வந்த மூட்டையை வரவேற்பு மேசைமேலேயே பிரித்தார். முதல் விரிப்பின் ஓரத்தில் வேறொரு விடுதியின் பெயர். அடுத்ததில் இன்னொரு விடுதியின் பெயர். அறை கேட்டு வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அங்கேயே சலவைக்கூடம் நடத்தும் உண்ணாமலைக்கு போன் போட்டார்.

"ஏம்மா, ஊர்ல இருக்கிற லாட்ஜ் துணியெல்லாம் என் தலையில கட்டிட்டியே, என் துணி எங்க? போன மாசமும் கம்மி, இந்த மாசமும் கம்மி. இனிமே உன் வண்டி இந்தப் பக்கம் வர வேணாம்."

"தேடிப் பாத்து அனுப்பறேங்க" என்று உண்ணாமலை சொல்லி முடிப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர் உண்ணாமலை. கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தார். கணவர் மணிவேல் ஆட்டோ ஓட்ட, இவர் டவுனில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். மழைக்காலத்தில் சரியாகக் காயாத விரிப்புகளின் வாடைக்காக விருந்தினர்கள் போடும் சண்டையை வருஷா வருஷம் கேட்டவர், ஒருநாள் வேலையை விட்டார். கடன் வாங்கி, துவைக்கும் மெஷினும் காயவைக்கும் மெஷினும் போட்டு, கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு ஷெட்டில் சலவைக்கூடம் தொடங்கினார். "ஊரான் அழுக்கைத் துவைக்கிற பொழப்பு நமக்கெதுக்கு?" என்றார்கள் உறவுக்காரர்கள்.  அப்படிப் பேசியவர்களில் இரண்டு பேரைப் பின்னால் உண்ணாமலையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

தொழில் வளர வளரத்தான் சிக்கல் வந்தது. எல்லா விடுதி விரிப்பும் வெள்ளை. பேனாவால் எழுதிய பெயர் அழிந்தது. கலர் நூலில் தைத்துப் பார்த்தார். விடுதிகள் பெருகியபோது கலர் போதவில்லை.

கோதண்டராமன் போனை வைத்த வாரமே, உண்ணாமலை பெரிய மெஷின் வாங்க உதவி கேட்டு, மாவட்டத்தின் சிறுதொழில் வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி அருணாதேவி, "மொதல்ல நான் வந்து பாக்கறேங்க்கா, அப்புறம் பேசலாம்" என்றார். சொன்னபடி அடுத்த பௌர்ணமி முடிந்த காலை வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது, "பெரிய மெஷின் வேணாங்க்கா. இருக்கிற மெஷினே பாதி நேரம் சும்மா நிக்குது" என்றார்.

உண்ணாமலைக்குச் சுருக்கென்றது. "என்ன மேடம், நாங்க குந்திக்கிட்டா இருந்தோம்? ஒருத்தர்கூட நிமிரலையே!"

"அதேதாங்க்கா. நிமிராம என்ன பண்ணீங்க? துணியப் புரட்டிப் பேரு தேடினீங்க. துவைக்கிறதவிட தேடறதுதான் இங்க ஜாஸ்தி."

அன்று சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் உண்ணாமலை அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கோபம் போய், அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று பட்டது.

சிறு தொழில்களையும் பொறியாளர்களையும் சேர்த்துவைத்து, புது முயற்சிக்கு ஆகும் செலவில் பெரும்பங்கைத் தாங்கும் திட்டம் ஒன்று அந்த அலுவலகத்தில் இருந்தது. அதன் வழியாக சக்திவேல் என்ற மென்பொருள் பொறியாளர் வந்தார். முதலில் துணியில் குறியீடு அச்சிட்ட லேபிள்களை ஒட்டிப் பார்த்தார். கொதிநீரில் அவை உரிந்து, தண்ணீர் போகும் குழாயை அடைத்து, ஷெட் முழுக்க நுரை ஓடியது. பிழிந்த துணியால் தரையைத் துடைத்தபடி, "இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க தம்பி" என்றார் உண்ணாமலை.

அருணாதேவி விடவில்லை. சென்னையில் மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் பெரிய சலவை நிலையத்துக்கு இருவரையும் கூட்டிப்போனார். அங்கே விரிப்பின் மடிப்புக்குள் ஒரு சில்லு, அதாவது சிப், வைத்துத் தைத்திருந்தார்கள். கொதிநீரையும் இஸ்திரிச் சூட்டையும் அது தாங்கியது. மூட்டையைப் பிரிக்காமலேயே, கையடக்கக் கருவியைக் காட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் வந்தது. உண்ணாமலை கருவியை வாங்கி, தானே ஒரு மூட்டைமேல் காட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் காட்டினார்.

"தம்பி, இது நமக்கு வேணும்" என்றார்.

ஊர் திரும்பி, விடுதித் துணிகளில் சிப் தைத்து முடித்ததும் வேறொரு சிக்கல். துணி பிரிக்கும் சரோஜாவுக்கு எழுத்துத் தெரியாது. சக்திவேல், கருவி விடுதியின் பெயரைச் சொல்லும்படி செய்தார். அதன் மெல்லிய குரல் மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. "என்னத்த முனகுது இது?" என்று சரோஜா கத்த, சக்திவேல் சிரித்துவிட்டார். "நீங்களே சொல்லுங்கக்கா" என்று ஒவ்வொரு விடுதியின் பெயரையும் அவர் குரலிலேயே பதிவு செய்தார். அன்றிலிருந்து விரிப்பைக் கருவிக்கு அருகில் கொண்டுபோனால், சரோஜாவின் குரல் ஷெட் அதிர விடுதியின் பெயரைக் கூவியது. அவர் வேலையை நிறுத்தி நிறுத்தித் தன் குரலைக் கேட்டுப் பூரித்தார்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பியது. மழையும் பிடித்துக்கொண்டது. கோதண்டராமன் புதிதாகப் பிடித்திருந்த சலவைக்காரருக்குத் துணி காயவில்லை. தயங்கித் தயங்கி உண்ணாமலைக்கு போன் செய்தார்.

"கொஞ்சம் பாத்து எடுத்துக்கறியாம்மா?"

"வண்டி வருதுங்க. சிப் தைச்சுத்தான் குடுப்பேன், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றார். முதல் முறை வந்த துணி அத்தனைக்கும் சிப் தைத்துத் திருப்பி அனுப்பினார் உண்ணாமலை. தீபத்தன்று இரண்டாவது முறை துணி திரும்பி வந்தபோது, கோதண்டராமன் எண்ணிப் பார்த்து, "மறுபடியும் கம்மியா இருக்கே" என்றார். உண்ணாமலை நேரிலேயே வந்திருந்தார். கருவியைத் திருப்பிக் காட்டினார்.

"எங்ககிட்ட வந்தது அத்தனையும் திரும்பிடுச்சுங்க. மீதி இங்கிருந்து கிளம்பவே இல்ல. வாங்க, பாக்கலாம்."

கருவியைப் பிடித்தபடி மாடி மாடியாக ஏறினார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த பழைய மெத்தைகளை நெருங்கியதும், சரோஜாவின் குரல் அந்த விடுதியின் பெயரை ஓயாமல் கூவத் தொடங்கியது. மெத்தைகளுக்குப் பின்னால் அழுக்கு விரிப்புகள் குவிந்திருந்தன. இந்த வாரம் தொலைந்தவை மட்டுமல்ல. மாதக்கணக்காகத் தேடியவையும் அங்கேயே கிடந்தன.

கோதண்டராமன் குனிந்து ஒரு விரிப்பை எடுத்து, ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "உன்னை ரொம்பப் பேசிட்டேம்மா. என் தப்பு" என்றார்.

"இப்பவாவது கிடைச்சுதே, விடுங்க" என்றார் உண்ணாமலை. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கீழே மணிவேல் வண்டியோடு காத்திருந்தார். அவர் கையில் உண்ணாமலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் மழையில் துணி காயாமல் தவிப்பவர்கள்: செங்கம் ரோட்டில் ஒரு விடுதி, பெரிய தெருவில் ஒன்று, அப்புறம் ஒரு கல்யாண மண்டபம். மழை விட்ட தெருவில் நின்று, ஒவ்வொருவருக்கும் உண்ணாமலை நிதானமாகப் பதில் சொன்னார்:

"எடுத்துக்கறேங்க. எத்தினி இருந்தாலும் அனுப்புங்க."