நான் எடுத்த மானிட்டர்

என் மனைவி பென்னாகரத்தில் வீட்டிலிருந்தே பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறாள். பழைய கம்ப்யூட்டர் போட்டோஷாப்பைத் திறந்தாலே திணறியது. புதிதாக ஒன்று அசெம்பிள் செய்யலாம் என்று முடிவானபோது அவளுக்குக் கைநிறைய வேலை. "நீங்களே தருமபுரி போய்ப் பாத்து எடுங்க. கலர் மட்டும் சரியா தெரியணும்" என்றாள்.

எனக்குக் கேம் பைத்தியம் உண்டு. பிராசஸர், ரேம் வரைக்கும் நியாயமாகத்தான் எடுத்தேன். மானிட்டரில்தான் புத்தி கெட்டுப்போனது. எங்கள் பட்ஜெட்டுக்குள் இரண்டு இருந்தன. ஒன்று நிறத்தை உள்ளபடி காட்டும், இன்னொன்று கேமுக்கு நல்ல வேகம். கடைக்காரர், "டிசைன் வேலைன்னா இதை எடுங்க. அதுல கலர் மஞ்சளடிக்குங்க" என்று தெளிவாகவே சொன்னார். வேகமானதை எடுத்தேன். வீட்டுக்கு வந்து, "இதுதான் பெஸ்ட்டுன்னாங்க" என்று கூசாமல் புளுகினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கேமில் உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

பிறகு ஒரு நினைவஞ்சலி பேனர் வந்தது. இறந்தவரின் முகம் ஸ்கிரீனில் மஞ்சளாகத் தெரிந்ததால் அவள் நீலத்தைக் கூட்டிக் கூட்டிச் சரிசெய்தாள். அச்சாகி வந்தபோது முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. அவருடைய மகள், "எங்கப்பா செத்தப்பகூட இப்படி இல்லீங்கக்கா" என்று அழுதாள். அவளைவிட அதிகமாக என் மனைவி அழுதாள்.

அடுத்து வந்த வேலைகளிலும் அதே கதை. "என் கண்ணுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல், நல்ல புருஷன் மாதிரி அவளைத் தருமபுரியில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நினைத்தால் இப்போதும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்.

வெளியே வந்தவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப எனக்கு வேலைதான் சரியா வரல. வூட்டுக்குப் போனதும் ஆர்டர் குடுத்தவங்களை வேற ஆளு பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உன் வேலையில குத்தமில்ல. மானிட்டர்தான். கடைக்காரரு அன்னிக்கே சொன்னாரு" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையிலிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப என்னை எதுக்குங்க இங்க கூட்டியாந்தீங்க?"