பால் தம்ளரும் குரோம் புகையும்

அம்பத்தூரில் குரோம் முலாம் பூசும் பட்டறையொன்றில் நான் பணியாற்றினேன். தொட்டியிலிருந்து எழும் புகையின் நஞ்சைப் பால் முறித்துவிடும் என்பது அங்கு அனைவரது நம்பிக்கை. முதலாளி நாள்தோறும் வாங்கித் தரும் பாலை ஊற்றிக் கொடுக்கும் பொறுப்பு, மூத்தவனாகிய என்னுடையது.

"எனக்கு ரெண்டு தம்ளரா ஊத்து நைனா, உள்ள ஒரு ஆளு கீது" என்று, கருவுற்றிருந்த சக தொழிலாளி ஒருநாள் சிரித்தாள். நான் ஊற்றுவதை நிறுத்தினேன்.

முந்திய வாரந்தான் நூலகத்தில் மரபணு பற்றிய ஒரு நூலை அகராதியின் துணையுடன் படித்து முடித்திருந்தேன். அதன்படி, குரோம் போன்ற இரசாயனங்கள் மரபணுவின் எழுத்துகளை மாற்றாமலேயே, அவற்றுட் சிலவற்றை உயிரணு வாசிக்க இயலாதவாறு மூடிவிடக்கூடும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அம்மூடியும் புதிய உயிரணுக்களுக்கு உடன் செல்லக்கூடும். அதைத் திறக்கப் பாலால் ஆகாது.

இதை அனைவருக்கும் விளக்கினேன். மறுநாள் ஒருவரும் பாலைத் தொடவில்லை.

"இன்னா பெர்சு, பால் புளிச்சிப் போச்சா?" என்றார் முதலாளி.

"பால் வயித்துக்குப் போவுது மொதலாளி. புகை மூச்சுல போவுது. அத்த இழுக்க ஒரு மிஷினு வையுங்க."

"நா குடிச்சிக் காட்றேன் பாரு!" என்று தம்ளருடன் தொட்டியருகே சென்றவர், முதல் மிடறிலேயே புகை ஏறி இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அன்றே அப்பெண்ணுக்குப் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் அறைக்கு மாற்றம் கிடைத்தது. அம்மாதமே உறிஞ்சு விசிறியும் வந்தது. அது சுழன்றதும், மஞ்சள் புகை எங்கள் முகங்களை விட்டு விலகிக் குழாய்க்குள் பணிந்து சென்றது.

அன்று அனைவருக்கும் பால் ஊற்றினேன். முதன்முறையாக, பசிக்கு மட்டும் குடித்தோம்.