அந்த ஒயின் ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தது நான்

செகந்திராபாதை ஒட்டிய மௌலா அலியில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப், நான் கட்டியது. செகந்திராபாத் மார்க்கெட் பக்கம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை, நான் திறந்தது. பழக்காரர்களுக்குக் குளிர் அறை, மீன்காரர்களுக்கு ஆழமான ஐஸ் தொட்டி, ஐஸ்கிரீம் வண்டிகளுக்குப் பெட்டி, எல்லாம் இந்தக் கை வளைத்த தகடு, இந்தக் கை பற்றவைத்த செப்புக் குழாய். கடைசியாக, இறந்தவர்களைக் கிடத்தும் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பாக்ஸ். செகந்திராபாதில் எத்தனையோ பெரிய மனிதர்கள் கடைசியாகப் படுத்தது நான் செய்த பெட்டியில்தான்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே கூலி வேலைக்கு வந்தது. நான் ஆறாவது தாண்டவில்லை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பேங்க்காரன் என்னை உட்காரச் சொன்னதில்லை, சொந்தக்காரன் ஜாமீன் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படியும் என் ஒரே மகனை அமெரிக்கா வரை அனுப்பிப் படிக்க வைத்தேன். அவன் திரும்பி வந்து, ஹைதராபாத் கச்சிபௌலியில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் வீடு வாங்கினான். இதற்கெல்லாம் எனக்கு யாரும் மாலை போட வேண்டாம். நான் கணக்குக் கேட்பது ஒரே ஒரு சாமானுக்கு. அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், மர அலமாரிக்குள் கண்ணாடிக் கதவோடு நிற்கும் ஒயின் ஃப்ரிட்ஜ்.

நான் குடிப்பதில்லை. என் மகன் குடிப்பான். ஒளித்துக் குடிப்பவன் இல்லை, ரசித்துக் குடிப்பவன். வீட்டு வேலை நடக்கும்போது இன்டீரியர் டிசைனர் பெண் ஒன்று படம் போட்டுக் கொண்டுவந்தது. நல்ல பெண், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்ட பெண். படத்தில் ஃப்ரிட்ஜ் மூன்று பக்கமும் மரத்துக்குள் புதைந்து இருந்தது.

"இதோட சூடு எங்கம்மா வெளிய போவும்?" என்றேன்.

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் மகன் சிரித்தான். "அப்பா, இது உங்க டப்பா இல்ல. அவங்க பாத்துப்பாங்க."

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனே பின்னால் வந்தான். இதை அவன் மறந்திருக்கலாம், நான் மறக்க மாட்டேன். "சரி, நீங்களே பாருங்கப்பா. ஃப்ரிட்ஜ் விஷயத்துல உங்களுக்கு மேல யாரு" என்றான். மைக்கில் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

மறுவாரம் நானும் அவனும் கடை கடையாக ஏறினோம். அவன் கார் ஓட்டிக்கொண்டே ஒயினைப் பற்றிப் பாடம் எடுத்தான். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், அசைக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, ரொம்பக் குளிரவும் கூடாது, குளிர் ஏறி இறங்கவும் கூடாது.

"டேய், இத்தத்தானேடா நான் இத்தினி வருஷமா செஞ்சுக்கினு இருக்கேன்" என்றேன்.

ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். "அப்பா, இத வெளிய சொல்லிடாதீங்க." நான் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் கடைக்காரப் பையன் என் வெள்ளை மீசையைப் பார்த்துவிட்டு, "சாருக்கு ரெட் ஜாஸ்தியா, ஒயிட் ஜாஸ்தியா?" என்றான்.

"எனக்கு இரானி சாயா" என்றேன். "முதல்ல மோட்டாரைக் காட்டு."

அவன் காட்டியதில் மோட்டாரே இல்லை. கம்ப்ரஸர் இல்லாத மாடல், சத்தமே வராது, தூங்குகிற குழந்தை மாதிரி என்றான். தூங்கத்தான் செய்யும். நம் ஊர் மே மாதத்தில் வெளியே அடிக்கிற அனலுக்கு அது தோற்றுப்போகும். அடுத்த கடையில் கம்ப்ரஸர் இருந்தது, ஆனால் சூட்டுக் காற்று முதுகுப் பக்கம் வந்தது. மரத்துக்குள் வைத்தால் தானே தன்னை வேக வைத்துக்கொள்ளும். காற்று முன்பக்கம், காலடியில் வெளியே வருகிற மாடல்தான் வேண்டும் என்றேன். அப்படி இரண்டு மூன்று இருந்தன.

நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோயிருந்தேன். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தேன்.

"கைக்கு சாப், எதுக்கு?" என்று கடைக்காரன் பதறினான். "புது மாலு, தண்ணி நக்கோ, வேணாம்."

"சும்மா இரு பாய். மோட்டார் அணைஞ்சு, மறுபடி ஏறட்டும்."

காத்திருந்தோம். மோட்டார் ஏறியதும் தண்ணீரில் வளையம் வளையமாக அலை ஓடியது. வேண்டாம் என்றேன். அடுத்ததில் கொஞ்சம் கம்மி. மூன்றாவதில் தண்ணீர் ஒரு தரம் சிலிர்த்துவிட்டு அடங்கியது. உள்ளங்கையைப் பக்கத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். இதுதான் என்றேன்.

டம்ளர் வைத்தியம் எங்கிருந்து வந்தது என்றால், நான் செய்த முதல் ஃப்ரீசர் பாக்ஸிலிருந்து. ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸில் கொண்டுபோய் வைத்தேன். மோட்டார் ஏறியபோது பெரியவர் மார்பில் கிடந்த சாமந்தி மாலை லேசாக ஆடியது. அவர் மனைவி, "மூச்சு வருது, மூச்சு வருது" என்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உலுக்கினாள். அந்த அம்மாவை இழுத்து உட்கார வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அடுத்த பெட்டியிலிருந்து மோட்டாருக்குக் கீழே ரப்பர் கொடுத்தேன், டம்ளர் வைத்துப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் வெளியே அனுப்பியதில்லை. இதைக் கடையிலேயே மகனிடம் சொன்னேன். அவன் என் தோளில் கை போட்டான். அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

வீடு முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆபீஸ் ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். நானும் மனைவியும் போயிருந்தோம். அலமாரிக்குள் நான் தேர்ந்தெடுத்தது நீல வெளிச்சத்தில், சத்தமில்லாமல், ஆடாமல் நின்றது. ஒருவர் குனிந்து பார்த்தார். ஒயின் தெரிந்த ஆள் போல. கையைக் கதவில் வைத்து, "பியூட்டிஃபுல். வைப்ரேஷனே இல்ல. யார் செலெக்ட் பண்ணது?" என்று கேட்டார்.

நான் சோபாவிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"எங்க டிசைனர்" என்றான் என் மகன். "ஷி இஸ் வெரி பர்டிகுலர்."

பாதி எழுந்தவன் என்ன செய்ய முடியும், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அந்த மனிதர் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, "அங்கிள் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்றார். அதற்கும் அவனே பதில் சொன்னான். "மெடிக்கல் எக்விப்மென்ட்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் பெட்டியை இறக்கினாலும் சரி, திரும்ப ஏற்றினாலும் சரி, கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்ல மாட்டோம். திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறுவோம். என் மகன் சின்ன வயதில் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், அவனுக்கு இது நன்றாகத் தெரியும். அன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் செருப்பைப் போட்டேன். மருமகள், "இருங்க மாமா, ஸ்வீட் இருக்கு" என்றாள். மனைவி எல்லாரிடமும் போய்ட்டு வரேன் சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது அவன் வாசலில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

மௌலா அலி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மகன் போன் செய்தான். "ஏம்ப்பா வரேன்னு சொல்லாம போனீங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"சாப்பிட்டுக்கினு இருக்கறவங்ககிட்ட பொணப் பெட்டி செஞ்சவர் செலெக்ட் பண்ணார்னு சொன்னா, யாருப்பா கிளாஸத் தொடுவாங்க?"

"நீ அந்தப் பெட்டி காசுல சாப்ட்டுத்தானே வளந்தே?"

"சாரிப்பா. இன்னொரு தரம் சொல்றேன். எல்லார் எதிர்லயும் சொல்றேன்."

அந்தச் சொல்லை நம்பித்தான் ஆயுத பூஜைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். என் வழக்கம், பூஜையன்று வீட்டில் இருக்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனப் பொட்டு. மிக்ஸி, வாஷிங் மிஷின், அவனுடைய கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு ஒயின் ஃப்ரிட்ஜுக்கும் வைத்தேன், மேலே குங்குமம். அதற்கென்ன, அதுவும் உழைக்கிறது. அந்த நேரம் என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு உள்ளே வந்தார். செகந்திராபாதில் கோயில் கமிட்டியில் இருப்பவர். பொட்டைப் பார்த்தார், பொட்டுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் வரிசையாகப் படுத்திருந்த பாட்டில்களைப் பார்த்தார்.

"இன்னாடா இது, சாராயத்துக்குப் பூஜையா?" என்றார் என் மகனிடம். "யார் வேலை இது?"

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். எல்லார் எதிரிலும் சொல்கிறேன் என்றவன், சொன்னான்.

"என்னை ஏன் மாமா கேக்கறீங்க? அப்பாதான் கடை கடையா ஏறி செலெக்ட் பண்ணார். டம்ளர்லாம் எடுத்துக்கினு போனார்."

கூடமே சிரித்தது. "டம்ளரோடயா? ஹவ், அப்படியா மாப்ளே, வயசான காலத்துல ஜோராத்தான் ஆரம்பிச்சிருக்கே" என்று மச்சான் என் முதுகில் தட்டினார். என் மகனும் சிரித்தான். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிகிறது. நான் செய்த வேலையை அப்படியே சொல்லி, என்னைக் குடிகாரன் ஆக்கினான். பாராட்டு வந்த இடத்தில் டிசைனர், பழி வந்த இடத்தில் அப்பா.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "விடுங்க, பொட்டிதானே" என்றாள். பெட்டிதான். என் வாழ்க்கை முழுக்கப் பெட்டிதான்.

அதனால் இதை என் கையால் எழுதி வைக்கிறேன். மகனே, உன் வீடு உன்னுடையது, பாட்டில் உன்னுடையது, எனக்கு அதில் பங்கு வேண்டாம். அந்த ஆபீஸ் ஆட்களை மறுபடி சாப்பாட்டுக்குக் கூப்பிடு. நானும் வருவேன், எவர்சில்வர் டம்ளரோடு வருவேன். அதே மனிதர் குனிந்து கதவில் கை வைக்கும்போது நீ வாயைத் திறந்து, இதைத் தேர்ந்தெடுத்தது எங்கப்பா, ஃப்ரீசர் பாக்ஸ் செய்கிறவர் என்று சொல். பிறகு உன் மாமாவுக்குப் போன் போட்டு, பாட்டில் என்னுடையது, ஃப்ரிட்ஜ் அப்பா தேர்ந்தெடுத்தது என்று இரண்டையும் பிரித்துச் சொல். இரண்டும் நடந்த பிறகு உன் வாசலில் செருப்பைப் போடும்போது 'வரேன்' என்று சொல்வேன். அதுவரை சொல்ல மாட்டேன்.