எட்டு நாள் அடைவைத்த முட்டையோடு சேலத்துக்கு

நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபாரம் பார்க்கிறவள் நான். சேலத்துக்கு எத்தனையோ லோடு அனுப்பியிருக்கிறேன். ஆனால் முப்பதே முட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனது போன மாதம்தான் முதல் தடவை.

காரணம் என் தங்கை மகள் மது. சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எட்டு நாள் அடைவைத்த முட்டைக்குள் வளரும் குஞ்சின் விழித்திரையை எடுத்து, செல்களைக் கிண்ணத்தில் வளர்ப்பது அவள் வேலை. கடையில் விற்கும் முட்டையில் குஞ்சாக வளரும் கரு கிடையாது. அதனால் குஞ்சு பொரிப்பகத்தில் சொல்லி வைத்து, என் வண்டியில் இரண்டு தடவை அனுப்பினேன். இரண்டு தடவையும் உடைத்துப் பார்த்தால் வெறும் மஞ்சள் கரு. மூன்றாவது முறையும் இப்படியானால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒரு வருட உழைப்பு. போனில் அழுதாள். சரி, நானே கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஆறரைக்குப் பொரிப்பகத்தில் முட்டையை வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் சுற்றிலும் வெந்நீர் பாட்டில் வைத்து மூடினோம். வண்டியை ஓட்டியது பழனி. பத்து வருடமாக என்னிடம் இருக்கும் டிரைவர். என் குடோன் வாசலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா, உள்ள உடட்டுங்களா?"

"எதுக்கு?"

"முட்டைய மாத்தோணுமில்லீங்க."

"என்னத்த மாத்தறது?"

"எப்பவும் மாத்தறதுதானுங்க. லைட்டுல வெச்சுப் பாத்தா எல்லாத்துலயும் ரத்த நரம்பு ஓடுதுங்க. அம்புட்டும் ரிஜெக்ட்டு. பாப்பாவுக்கு அதையா குடுக்கறது? நம்ம கடை பேரு என்னாகறது? ரெண்டு தடவையும் நானே அன்னன்னிக்கு வந்த நல்ல முட்டையா வெச்சு அனுப்புனனுங்க."

இரண்டு தடவையும் மதுவுக்குப் போனது கடை முட்டை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ரத்தம் தெரிந்தால் ஒதுக்கு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்கள் தொழில்தானே!

"அட சாமீ, அந்த ரத்த நரம்புதான்யா அவளுக்கு வேணும். ஓட்டு, நேரா சேலத்துக்கு."

"அய்யோ! நானாக்கா பாப்பாவ அழ வெச்சேன்?" என்றவன், அதற்குப் பிறகு ஒரு பள்ளத்தில்கூட வண்டியை இறக்கவில்லை.

நாமக்கல்லிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ராசிபுரம் பிரியும் ஆண்டகளூர் கேட்டில் நிறுத்தி, டீக்கடையில் வெந்நீர் வாங்கி பாட்டில்களை மாற்றினோம். "டீ வேண்டாமுங்களா, வெறும் சுடுதண்ணியா?" என்றார் கடைக்காரர். "முட்டைக்குங்க" என்றான் பழனி. "அவிக்கறதுக்கா?" என்று கேட்டவரிடம் விளக்கப் பொறுமையில்லாமல் இரண்டு டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

எட்டு மணிக்கு ஆய்வகம். மது முதல் முட்டையை உடைத்தாள். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குஞ்சு. தலையில் பாதி கண்தான், பெரிய மிளகு மாதிரி கறுப்பாக. "பெரிம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். செல் வாழ ஆக்சிஜன் வேண்டும். அதே ஆக்சிஜனிலிருந்து சில முரட்டுப் பொருட்களும் உண்டாகும். அவை அளவு மீறினால் செல்லையே அரித்துவிடும். சர்க்கரை நோயாளிகளின் கண் கெடுவதில் இதற்கும் பங்கு உண்டாம். எனக்கும் சர்க்கரை இருப்பதால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கிண்ணத்திலுள்ள செல்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அந்தத் தொல்லையை இவளே உண்டாக்குகிறாள். ஒரு கிண்ணத்தில் மட்டும் முருங்கைக் கீரைச் சாறும் சேர்த்து, எது பிழைக்கிறது என்று பார்க்கிறாள்.

முடிவு தெரிய மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றாள். நாங்கள் வாழப்பாடி, ஆத்தூர் கடைகளில் ஆர்டர் பிடித்துவிட்டு, ஆத்தூரிலேயே தங்கி, மறுநாள் ஆய்வகத்துக்குத் திரும்பினோம். வரும் வழியில் சேலத்துத் தட்டுவடை செட் ஆளுக்கு இரண்டு தட்டு. முடிவு என்னாகுமோ என்ற கவலையில் பழனி அதையும் சரியாகச் சாப்பிடவில்லை.

செத்த செல் நீலச் சாயத்தைக் குடித்துவிடும், உயிருள்ளது குடிக்காது. மைக்ராஸ்கோப்பில், கீரைச் சாறு சேர்க்காத கிண்ணம் நீலமாகக் கிடந்தது. சாறு சேர்த்ததில் அங்கங்கே நீலம்; மற்றதெல்லாம் பளபளவென்று. "ஒரு தடவ வந்தாப் பத்தாது பெரிம்மா, திரும்பத் திரும்பச் செஞ்சு பாக்கணும்" என்று மது சொன்னாள். சொல்லும்போதே குதித்துக்கொண்டிருந்தாள். முட்டையில் குஞ்சு கிடைத்துவிட்டதால், தலைப்பை மாற்ற வேண்டாம் என்று பேராசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டாராம்.

அடைமுட்டை கொண்டு போகிறவர்களுக்கு: அகன்ற முனை மேலே இருக்கட்டும். வண்டியில் ஏசி வேண்டாம். வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள், முட்டையில் நேராகப் படக்கூடாது. முக்கியமாக, எதற்குக் கொண்டு போகிறீர்கள் என்று டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் தொழிலில் சரக்கு எங்கே போகிறது என்று சொல்வோம், எதற்கு என்று சொல்கிற பழக்கமே இல்லை.

மைக்ராஸ்கோப்பில் பழனியும் பார்த்தான். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் உசுரோட இருக்குதுங்களா பாப்பா?"

"ஆமாண்ணா, நீங்க கொண்டாந்ததுதான்."

அடுத்த பெட்டியை அவன் மட்டும்தான் கொண்டு போனான். கிளம்புமுன் ஒவ்வொரு முட்டையாக லைட்டில் வைத்துப் பார்த்து, ரத்த நரம்பு தெரியாத இரண்டை எடுத்துத் தனியே வைத்தான். "இது ரெண்டும் ரிஜெக்ட்டுங்க அக்கா."