வாங்கக்கா

"உக்காருங்க… மெதுவா… ஆங், அப்படித்தான்! தங்கம்ல!"

இத்தனை உபசாரமும் வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு அல்ல. காதில் சேறு அப்பியிருந்த ஒரு நாய்க்கு. சொன்னவர் அதற்குப் பக்கவாட்டில், ஒரு முழங்கால் தரையில் படக் குந்தியிருந்தார். நாய் உட்கார்ந்த மறுகணம் அவருடைய இடுப்புப் பையிலிருந்து வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று பறந்து போய் அதன் வாயில் விழுந்தது. "சூப்பரு!" என்று அவர் போட்ட சத்தத்தில், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

தெருவில் அவருக்கு வாங்கக்கா என்று பெயர். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வெகுகாலம் உட்கார்ந்து, "வாங்க, உக்காருங்க, டாக்டர் இப்ப கூப்பிடுவார்" என்று வீங்கிய கன்னங்களை வரவேற்றவர். வாய் அதற்கே பழகிவிட்டது. "திருடன் வந்தாலும் உக்காரச் சொல்லிட்டுத்தான் சத்தம் போடுவா" என்பார் அவருடைய கணவர்.

நாய்ப் பயிற்சியாளர் ஆகப் போகிறேன் என்று அக்கா அந்த வேலையை விட்டபோது வீடு ரெண்டுபட்டது. "நாய்க்கு டியூஷனா? யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணன். "நல்லாப் படிக்கிற பசங்கன்னு சொல்லுண்ணே" என்றார் அக்கா.

விலங்குக் காப்பகம் ஒன்றில் கூண்டு கழுவிக் கழுவித்தான் தொழில் கற்றார். புது நாயை நேருக்கு நேர் முறைக்கக் கூடாது, பயந்த நாயின் முன்னால் மெல்லக் கொட்டாவி விட்டால் அது அமைதியாகும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டவை. இப்போது வீட்டில் உறவுக்காரர்கள் சண்டை போட்டாலும் அக்கா கொட்டாவி விடுகிறார். கைப்பை, குடை, வீட்டுச் சாவி எல்லாவற்றிலும் ஈரல் வாசனை. பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அதைப் பற்றி அவருக்குத் துளியும் கவலையில்லை.

முழுப் பொறுப்போடு அவருக்குக் கிடைத்த முதல் நாய் பூசணி. இரும்புக்கடைக்காரர் வளர்ப்பது. கதவு திறந்தால் போதும், பிய்த்துக்கொண்டு பெரிய சாலைக்கு ஓடிவிடும். ஒருமுறை வேன் சக்கரத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. "இனிமே கூப்பிட்டு வரலேன்னா குடோன்ல சங்கிலி போட்டுக் கட்டிருவேன். ஆயுசுக்கும் அங்கயே கெடக்கட்டும்" என்று கடைக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். கேட்பவர்களுக்குக் கோபம் போலத்தான் இருக்கும். உள்ளே இருந்தது பயம்.

அக்கா விடுவாரா? கடைக்காரர் கடைக்குக் கிளம்பியதும் அவர் வீட்டு முற்றத்தில் பாடம் தொடங்கிவிடும். "உக்காருங்க" என்றால் பூசணி உட்காரும். "வாங்க" என்ற ஒரு சொல்லுக்குப் பூசணி காது பறக்க ஓடி வந்து அக்காவின் மேல் மோதும். அக்கா மல்லாந்து விழுவார். பிறகு இருவருக்கும் ஒரே கும்மாளம்.

தேறிவிட்டது என்று நம்பி, ஒரு காலையில் கடைக்காரரையே பூசணியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் அக்கா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாடா இங்க!" என்றார். பூசணி சுவரைப் பார்த்தது.

"ஏம்மா, பாடம் நடத்தினது நாய்க்கா, சுவத்துக்கா?"

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. "ஐயோ, தப்பு என்னுதுங்க! 'வாங்க'ன்னே சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டேன். 'வாங்க'ன்னு கூப்பிடுங்களேன்."

"நாய்க்கா? என் மாப்பிள்ளைக்கே நான் வாங்க போட்டதில்ல!"

"அதுக்கு மரியாதையெல்லாம் தெரியாதுங்க. நீங்க வாடான்னு கூப்பிட்டப்பல்லாம் என்ன செஞ்சீங்க?"

"குளிப்பாட்டுவேன். ஓடிட்டு வந்திருந்தா ரெண்டு போடுவேன்."

"அப்ப 'வாடா'ன்னா அடின்னுதானே அது நெனைக்கும்? எந்தப் புள்ள வரும்?"

கடைக்காரர் பதில் யோசிப்பதற்குள், தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் வெளிக்கதவைத் திறந்துவிட்டார். பூசணி அம்பாய்ப் பாய்ந்தது. தெருமுனையில் பெரிய சாலை. அதில் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்துகொண்டிருந்தது.

"டேய்! வாடா! வாடா!" கடைக்காரர் கத்தக் கத்த அது இன்னும் வேகமெடுத்தது. அவர் பின்னால் ஓடிவந்த அக்கா வாயைத் திறந்தார். நாளெல்லாம் வாயில் புரண்ட சொல் அன்றைக்கென்று வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

கடைக்காரர் சட்டென்று நடுத்தெருவில் மண்டியிட்டார். வாங்குபவர்களை மிரட்டியே பழகிய அந்தக் குரல் கெஞ்சலாக இறங்கியது. "வாங்க… பூசணி… வாங்க சாமி, வாங்க!"

பூசணி நின்றது. திரும்பியது. பிறகு காது பறக்க ஓடி வந்து அவர் மார்பில் மோதியது. பின்னால் லாரி கடந்து போனது.

கடைக்காரரின் கை பழக்கதோஷத்தில் ஓங்கியது. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. இப்போது ஒரு அடி விழுந்தால் 'வாங்க'வும் செத்துவிடும். அப்புறம் எந்தச் சொல்லைச் சொல்லி அதைக் கூப்பிடுவது? ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது, தயங்கியது, மெல்ல இறங்கி நாயின் தலையைத் தடவத் தொடங்கியது.

"உக்காருங்க" என்றார் கடைக்காரர். "ஓடாம உக்காருங்க."

பூசணி உட்கார்ந்தது. பக்கத்திலேயே, நட்டநடுத் தெருவில், வாங்கக்காவும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.